வாய்க்காலுக்கு இந்தப் பக்கம்

அந்த மனுஷன் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. இப்போது எங்கே இருக்கிறாரோ, உயிரோடுதான் இருக்கிறாரோ, அதுகூடத் தெரியாது. ஆனால் பஸ்ஸில் எவனாவது விசில் ஊதினால் முதலில் அவர் முகம்தான் கண்ணுக்கு முன்னால் வருகிறது. பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

அறுபதுகளின் கடைசியில் என்னை அரூர்ப் பக்கம் ஒரு மலையடி ஊருக்கு நர்ஸாகப் போட்டார்கள். பிரசவம் பார்ப்பது, அம்மை குத்துவது, குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஆள் பிடிப்பது, எல்லாம் என் தலையில்தான். மலை உச்சியில் சிவன் கோயில், அடிவாரத்தில் ஊர். ஊருக்கும் மெயின் ரோட்டுக்கும் நடுவில் ஒரு ஏரி வாய்க்கால் போகும். நீட்டிக் கால் வைத்தால் தாண்டிவிடலாம். வாய்க்காலைத் தாண்டி ரோட்டோரமாகச் சில வீடுகள் இருந்தன. அதில் ஒன்றில் நான் குடியிருந்தேன். பக்கத்து வீடு அவருடையது.

ஊர் அவரைக் கண்டக்டர் என்றே கூப்பிட்டது. நான் போவதற்குப் பல வருஷம் முன்பே வேலையை விட்டுவிட்டார். ஆனாலும் சட்டைப் பையில் விசில் இருக்கும், காதில் பென்சில் இருக்கும். வாசலில் கோழி குறுக்கே வந்தால் "ஹோல்டான்" என்பார். சாப்பிட்டுக் கை கழுவினால் "ரைட்" என்பார். சாமியைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலும் அதே பாஷைதான்.

"நாமெல்லாம் டவுன் பஸ்ஸுல ஏறினவங்க மாதிரிங்க, நர்ஸம்மா. ஏறறோம், எறங்கறோம், மறுபடி ஏறறோம். எத்தன பொறவி! எனக்கு இதான் கடைசி டிரிப்பு. அப்பறம் ரிட்டன் கெடையாது."

"டிக்கெட் வாங்கியாச்சா, அண்ணா?"

"அதெல்லாம் ஆச்சுங்க. எறங்கற எடம் மட்டும் தப்பாம இருக்கணும்."

அவர் சொன்னதில் எனக்குப் பிடிபட்டது இவ்வளவுதான். உயிரை மூன்று கயிறு கட்டியிருக்கிறது: நான் என்கிற ஆணவம், செய்த வினை, மாயை. அந்தக் கட்டை நாமாகப் பிய்த்துக்கொள்ள முடியாது, சாமி பார்த்து அவிழ்த்தால்தான் உண்டு. சிவன் குடியிருக்கிற எல்லைக்குள் ஒருவன் உயிர் போனால் அவரே வந்து காதில் மந்திரம் சொல்லி அவிழ்த்துவிடுவார். பிறகு பிறவியே கிடையாது. ஆனால் சாவு எப்போது வரும் என்று யார் கண்டது? சந்தைக்குப் போன இடத்தில் வந்துவிட்டால்? அதனால் எல்லைக்குள்ளேயே உட்கார்ந்துவிட வேண்டும். சாகிற வரைக்கும் ஓர் அடிகூட வெளியே வைக்கக் கூடாது. தெரிந்து ஒரு தடவை வைத்தாலும் இருந்த வருஷமெல்லாம் வீண். திருவண்ணாமலையில் ஒரு சாமியார் இதையெல்லாம் சொல்லி, விபூதி பூசி, அவரிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாராம்.

"அப்ப அண்ணாமலையிலேயே உக்காந்திருக்கலாமே, அண்ணா?"

"அங்க யாருங்க சோறு போடுவாங்க?" என்றார், வெகு சாதாரணமாக.

சோறு போட்டவர் அவர் மனைவி. நான் அக்கா என்று கூப்பிடுவேன். அந்த ஊரிலேயே பிறந்தவர், அந்த வீடும் அவருடைய அப்பா கொடுத்தது. பிள்ளை குட்டி கிடையாது. கண்டக்டரின் பெண்டாட்டி என்றுதான் பேர், அரூரைத் தாண்டி ஓர் ஊர் பார்த்ததில்லை. ஆடிப் பதினெட்டுக்கு ஒகேனக்கல் போய்த் தலை முழுக வேண்டும் என்று கல்யாணமான வருஷத்திலிருந்து ஆசை. "அடுத்த ஆடிக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியே ஓட்டிட்டாருங்க. அப்பறம் சத்தியம் பண்ணிட்டு வந்து உக்காந்துட்டாரு," என்று சிரிப்பார். அக்கா சிரித்தால் எனக்குத்தான் வயிறு எரியும்.

எங்கள் வீடுகளைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ரோட்டில் ஒரு சின்னப் பாலம். அதுதான் எல்லை என்று அவர் வைத்திருந்தார். சாயங்கால பஸ் வரும் நேரத்துக்குப் பாலத்தடிக்குப் போய், கட்டை விரல் பாலத்தின் முதல் கல்லைத் தொடுகிற மாதிரி நிற்பார். பஸ் நின்றால் டிரைவரோடு பேசுவார், பேப்பர் வாங்குவார். பஸ் நகரும்போது தன் விசிலை எடுத்து ஊதி அனுப்பிவைப்பார். ஒருநாள் ஆடிக் காற்றில் அவர் துண்டு பறந்து பாலத்துக்கு அந்தப் பக்கம் விழுந்தது. கை நீட்டினால் எட்டும். அவர் நீட்டவில்லை. மாடு ஓட்டிக்கொண்டு ஒரு பெண் வந்து எடுத்துக் கொடுக்கிற வரைக்கும் வெறும் உடம்போடு நின்றுகொண்டே இருந்தார். நான் வாசலிலிருந்து பார்த்து வாய்விட்டுச் சிரித்தேன்.

கம்பைநல்லூரில் அவருடைய அம்மா செத்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மாவுக்குக் கடைசிப் பிள்ளை இவர்தான் கொள்ளி வைக்க வேண்டும். மூத்தவர் காரே எடுத்துக்கொண்டு வந்து, பாலத்துக்கு அந்தப் பக்கம் நின்று கெஞ்சினார், அழுதார், கடைசியில் கெட்ட வார்த்தை சொல்லித் திட்டினார். இவர் இந்தப் பக்கம் நின்று கண்ணீர் வடித்தாரே ஒழியக் காலை எடுக்கவில்லை. கார் போன பிறகு அங்கேயே மண்ணில் விழுந்து கம்பைநல்லூர் திக்கைப் பார்த்துக் கும்பிட்டார். "பெத்தவளுக்குக் கொள்ளி போடாத ஆளுக்கு எந்தச் சாமி அண்ணா கதவைத் தொறக்கும்?" என்று கேட்டுவிட்டேன். "அதுவும் ஒரு கயிறுதானுங்க, நர்ஸம்மா," என்றார். அன்றைக்குப் பூரா சாப்பிடவில்லை. விடுதலை விடுதலை என்று சொல்லிக்கொண்டு இப்படித் தன்னைத்தானே கட்டிப்போட்டுக்கொண்ட ஆளை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

பிறகு அக்காவுக்கு உடம்பு கெட்டது. தீட்டு நின்று பல வருஷம் ஆனவருக்கு மறுபடி உதிரம் போக ஆரம்பித்தது. சூடு, சூடு என்று சீரகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவரை நான்தான் பிடித்திழுத்துச் சேலம் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, வலியையும் மறந்து, கடைகளின் போர்டையெல்லாம் எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டு வந்தார். கர்ப்பப்பையில் புற்றுக் கட்டி என்றார் டாக்டர். வேலூருக்குக் கொண்டுபோய்க் கதிர் பாய்ச்சிக் கரண்ட் வைக்க வேண்டும், மாசக்கணக்கில் தங்க வேண்டும், இப்போதே போனால் பிழைத்துக்கொள்வார் என்றார். "புருஷன் வரலையா?" என்று என்னைக் கேட்டார்.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டு, விபூதிப் பையை எடுத்து அக்கா நெற்றியில் பூசினார்.

"நீ போய்ட்டு வா புள்ள. நர்ஸம்மா கூட வருவாங்க. நான் இங்க சாமிகிட்ட சொல்லிக்கிட்டிருக்கேன்."

"நீங்க வந்தா போறேன்," என்றார் அக்கா.

"நான் எப்படிடி வர்றது?"

"அப்ப நானும் போகல."

அவ்வளவுதான், இரண்டு பேரும் உட்கார்ந்துவிட்டார்கள். நான் அவரிடம் போய் மன்றாடினேன், அக்காவிடம் வந்து திட்டினேன். "அவரு கெடக்கறாரு அக்கா, நாம போலாம் வாங்க. உசுரு உங்களுது." அக்கா அசையவில்லை. "ஆயுசுல ஒரு தடவ என்கூட பஸ் ஏறட்டும் நர்ஸம்மா. நான் என்ன ரதமா கேட்டேன்?" நாளாக ஆகக் கட்டி வளர்ந்துகொண்டிருந்தது. எனக்கு ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை.

அந்த நாட்களில்தான் ஒரு மத்தியானம், அவர் மலைக்குப் போயிருந்தபோது, அக்கா என்னைக் கிட்டே கூப்பிட்டு அதைச் சொன்னார்.

"பாலம் எல்லை இல்லீங்க, நர்ஸம்மா. வாய்க்கால்தான் எல்லை. நான் பொறந்த ஊரு, எனக்குத் தெரியாதா? இந்த வூடே எல்லைக்கு வெளிய இருக்குது."

"அடப்பாவி அக்கா! இத்தன வருஷமா ஏன் சொல்லல?"

"காசின்னும் அந்த மலை இந்த மலைன்னும் மூணு தடவ என்னை வுட்டுட்டு ஓடின ஆளுங்க. ஒருதரம் டூட்டியிலயே பையை டிரைவர்கிட்டக் குடுத்துட்டு எறங்கிப் போய்ட்டாரு. கடைசில சத்தியம் பண்ணிட்டு வந்து நின்னு, எல்லை எது புள்ளன்னு கேட்டாரு. வாய்க்கால்னு சொன்னா கோயில் மண்டபத்துல போய்ப் படுத்துக்குவாரு. பாலம்னு சொல்லிட்டேன். வூட்டுல கெடந்தாரு."

"ஊர்ல ஒருத்தர்கூடச் சொல்லலையா?"

"என்கிட்ட பாசமுள்ள ஊருங்க."

"இப்பச் சொல்லிடுங்க. இத்தன நாளும் வெளியிலதான் இருந்தோம்னு தெரிஞ்சா சத்தியமே போச்சு. வேலூருக்கு வந்துடுவார்."

அக்கா என்னை ஏதோ விவரம் தெரியாத குழந்தையைப் பார்ப்பது மாதிரி பார்த்தார். "வேலூருக்கு வரமாட்டாரு. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் போயிருவாரு. நீங்க வாயத் தொறக்கக் கூடாது, மாரியாத்தா மேல ஆணை." ஆணையை வாங்கிக்கொண்டு நானும் அந்தக் கட்டுக்குள் மாட்டிக்கொண்டேன். பாலத்தடியில் அவர் விரல் அளந்து நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் கத்த வேண்டும்போல இருக்கும்.

ஊரில் இரண்டு பங்காளிக் கூட்டத்துக்குள் தேர் வடத்தை யார் முதலில் தொடுவது என்று தகராறு. அதனால் கண்டக்டர் வந்த காலத்திலிருந்து திருவிழாவே நடக்கவில்லை. அந்த வருஷம் அவர்கள் ராசியானார்கள். தேர் இழுப்பதற்கு முன்னால் எல்லை கட்ட வேண்டும். குங்குமம் கலந்த சோற்றைக் கூடையில் எடுத்துக்கொண்டு, பம்பை அடித்துக்கொண்டு, ஊரைச் சுற்றி எல்லை நெடுக இறைத்துக்கொண்டே போவார்கள். மலைச்சாமிக்கும் ஊருக்கும் எல்லை ஒன்றுதான்.

விடிந்தும் விடியாமலும் பம்பைச் சத்தம் கேட்டது. அவர் குளித்து, விபூதி பூசி, தேங்காய் வாழைப்பழத் தட்டோடு பாலத்தடியில் போய் நின்றார். கூட்டம் வாய்க்கால் கரைக்கு வந்தது. ரோட்டுக்கு வராமல், சோற்றை இறைத்துக்கொண்டே கரையோடு திரும்பியது. அவர் தட்டோடு ஓடி வந்தார்.

"பூசாரி, எல்லை அங்கதானே இருக்குது? பாலத்தடில!"

பூசாரி கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நின்றார். "பாலமா? அது ரோடு போட்டப்ப கெவர்மெண்டுல கட்டினதுங்க. சாமிக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? தொன்றுதொட்டு வாய்க்கால்தான்."

பம்பைக்காரர்கள் தரையைப் பார்த்தார்கள். அவர் திரும்பினார். வீட்டு வாசலில் அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"ஒனக்குத் தெரியுமா?"

"தெரியுங்க," என்றார் அக்கா.

நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன், சத்தியமாகச் சொல்கிறேன். போயிற்று சத்தியம், இனி மத்தியான பஸ்ஸுக்கே சேலம் போய்விடலாம் என்று என் மனசு கணக்குப் போட்டுவிட்டது. அவர் வீட்டுக்குள் போனார். கம்பளி, சொம்பு, விபூதிப் பை மூன்றையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். விசிலைச் சட்டையிலிருந்து எடுத்து ஜன்னலில் வைத்தார். சிவப்புச் சோற்றில் கால் படாமல் பார்த்து வாய்க்காலைத் தாண்டினார்.

"அண்ணா! அக்காவுக்கு வேலூரு?" என்று அலறினேன்.

"மொதல்லருந்து ஆரம்பிக்கணுங்க," என்றார். திரும்பிப் பார்க்கவில்லை.

"நான் சொன்னேன் இல்ல," என்றார் அக்கா.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் அக்கா மேல்கூடக் கோபம் வருகிறது. தினமும் சோறாக்கித் தூக்குப் போசியில் போட்டுக்கொண்டு வாய்க்கால் கரைக்குப் போவார். அவர் மண்டபத்திலிருந்து இறங்கி வந்து அந்தக் கரையில் நிற்பார். போசி கை மாறும். ஒரு வார்த்தை பேசிக்கொள்ள மாட்டார்கள். இரண்டு பேருக்கும் நடுவில் முழங்கால் தண்ணீர்கூட இல்லை. அக்கா படுத்த படுக்கையான பிறகு யார் யாரோ கொண்டுபோய்க் கொடுத்தார்கள். நான் ஒருநாளும் கொடுக்கவில்லை.

கடைசியில் நாடி இறங்கிவிட்டது என்று தெரிந்ததும் மண்டபத்துக்கு ஏறிப் போனேன். "வேலூருக்கு இனி வேலை இல்ல, அண்ணா. இன்னைக்கோ நாளைக்கோ. கேட்டுக்கிட்டு இங்கயே உக்காந்திருங்க," என்றேன். அவர் எழுந்தார். எனக்கு முன்னால் ஓடினார். வாய்க்காலை எங்கே தாண்டினார், எப்படித் தாண்டினார் என்று எனக்குத் தெரியாது, நான் கரைக்கு வரும்போது அவர் வீட்டுக்குள் இருந்தார்.

கட்டிலருகே குனிந்து அக்காவின் தோளுக்குக் கீழே கை கொடுத்துக்கொண்டிருந்தார். "நர்ஸம்மா, கால் பக்கம் புடிங்க. வாய்க்காலத் தாண்டிட்டாப் போதும். அங்க உசுரு போனா இவளுக்கும் பொறவி இல்ல. கட்டு அவுந்துரும். புடிங்க, சீக்கிரம்!" தன்னிடம் இருந்ததிலேயே பெரியதை அவர் கொடுக்க வந்திருக்கிறார் என்று எனக்குப் புரிந்தது. நானும் காலைப் பிடித்துவிட்டேன்.

"வுடுங்க," என்றார் அக்கா.

"இல்ல புள்ள, கொஞ்சம் பொறுத்துக்க..."

"வுடுங்கன்றேன். எனக்குப் பொறவி வேணும்." மூச்சு வாங்கியது. "இதுல நான் என்னத்தக் கண்டேன்? ஒகேனக்கல்கூடப் பாக்கல. மறுக்கா வந்து எல்லாத்தையும் பாத்துக்கறேன். நீங்க போங்க, ஒங்க எல்லைக்கு."

சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் நினைத்திருந்தால் தூக்கிக்கொண்டு போயிருக்கலாம், அக்கா உடம்பில் எலும்புதான் பாக்கி. கையை எடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். போகவில்லை. மறுநாள் மத்தியானம் உயிர் போகிற வரைக்கும் அக்கா முகத்தைத் திருப்பவே இல்லை. நான் அழுததைவிட அவர் அதிகம் அழுதார் என்பதை மட்டும் சொல்லிவிட வேண்டும்.

சுடுகாடு பாலத்தைத் தாண்டித்தான். கொள்ளிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் முன்னால் நடந்தார். நான் அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாலம் வந்தது, போயிற்று. அவருக்குத் தெரிந்ததாகத் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு அவர் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் போகவில்லை. வீட்டிலேயே கிடந்தார். காரியமெல்லாம் முடிந்து ஒருநாள் என்னிடம் வந்தார்.

"நர்ஸம்மா, அவ கேட்டபடி பொறப்பாளுங்களா?"

"எனக்கு எப்படி அண்ணா தெரியும்?"

"நீங்கதானே இந்தப் பக்கத்துல எல்லாப் பிரசவமும் பாக்கறீங்க."

அன்றைக்கு எனக்கு வேலை தலைக்கு மேல் இருந்தது. ஆளைக் கிளப்பினால் போதும் என்று, "பொறக்கறதுக்குப் பத்து மாசம் ஆகுமில்ல அண்ணா, அப்பறம் பாக்கலாம்," என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார். நானும் மறந்துவிட்டேன்.

பத்து மாதம் கழித்து, பக்கத்து ஊருக்குப் பிரசவத்துக்குக் கிளம்பிப் பஸ்ஸுக்கு நின்றபோது, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து என் பையை வாங்கிக்கொண்டார். சட்டைப் பையில் மறுபடி விசில் இருந்தது. பஸ்ஸில் ஏறி என் பின்னால் உட்கார்ந்தார். அன்றையிலிருந்து எந்த ஊருக்குப் போனாலும் வந்தார். பாலம் தாண்டாத மனுஷன் அரூருக்கு வந்தார், தர்மபுரிக்கு வந்தார். பெண் குழந்தை என்று தெரிந்தால் தூரத்தில் நின்று முகத்தைப் பார்ப்பார், தொட மாட்டார். வீட்டுக்காரர்கள் யார் என்று கேட்டால், எங்க ஊர்க் கண்டக்டர் என்பேன். வேறு என்ன சொல்ல?

எழுபதுகளின் நடுவில் எனக்கு வத்தல்மலை அடிவாரத்துக்கு மாற்றலாயிற்று. தொல்லை விட்டது என்றுதான் நினைத்தேன். ஒரு வருஷம் கழித்து அங்கேயும் வந்து நின்றார். ஆள் பாதியாகியிருந்தார். அன்று ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தது. துணியில் சுற்றி வாசலுக்கு எடுத்து வந்து காட்டினேன். வெகு நேரம் குனிந்து பார்த்தார். குழந்தை கண்ணைத் திறந்து அவர் பக்கமே மலங்க மலங்க விழித்துக்கொண்டிருந்தது.

"இது இல்லீங்க," என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "எத வெச்சு அண்ணா சொல்றீங்க? பொறந்த குழந்தையில என்ன தெரியும்?"

"அவளா இருந்தா என்னைப் பாத்ததும் மூஞ்சியத் திருப்பிக்குவாளுங்க," என்றார். பிறகு சட்டைப் பையில் விசிலைத் தடவிப் பார்த்துக்கொண்டு கேட்டார்: "அடுத்தது எந்த ஊர்லீங்க, நர்ஸம்மா?"